ராக்கம்மாவின் ஒற்றை ஆங்கிலச் சொல்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. பிறந்த ஊர், செய்த வேலை, அறிந்த மொழிகள் என்று வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறேன். என் பெரியம்மா ராக்கம்மாவின் பக்கத்தில், மொழிகளுக்கான இடத்தில், "தமிழ், கடைத்தெரு மலாய், ஆங்கிலத்தில் ஒரு சொல்" என்று எழுதியிருக்கிறது. படித்த உறவினர் சிலர் அந்தக் கடைசிப் பகுதியை அடித்துவிடச் சொன்னார்கள். ஒரு சொல்லை அறிந்திருப்பது மொழியை அறிந்திருப்பதாகாது என்பது அவர்கள் வாதம். அந்தச் சொல்லைப் பெரியம்மா எப்படிக் கையாண்டார் என்று தெரிந்தால் அவர்களே அதற்குக் கீழே கோடு போடச் சொல்வார்கள்.

ராக்கம்மா என் தாயாரின் மூத்த சகோதரி. 1911இல் நாமக்கல் பக்கத்தில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர். ரந்தாவுக்கும் சுவாவுக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்கார மேலாளரின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். அவருடைய கணவர் முனியாண்டி அதே தோட்டத்தில் மண்டோர்; புல்வெட்டும் கூட்டத்தை மேய்ப்பது அவர் பொறுப்பு. நான் கீழே எழுதுவதில் பாதி என் தாயார் சொன்னது. மறுபாதி, அந்தத் தோட்டத்தின் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்த யாழ்ப்பாணத்தவர் செல்வநாயகத்தின் மகள் சிவபாக்கியம் எனக்கு எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களிலிருந்து எடுத்தது. இருவர் கூற்றும் வேறுபடும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1942 ஜனவரியில், ஜப்பானியர் வருவதற்குச் சில நாள் முன்பு, மேலாளர் மோட்டாரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பினார். பங்களாவை விட்டுப் போகும் வெள்ளைக்காரர்கள் தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கு நற்சான்றுக் கடிதம் தருவது அந்நாளைய வழக்கம். அடுத்த பங்களாவில் வேலை கேட்க அதுதான் ஆதாரம். மேலாளர் அவசரத்திலும் அதை மறக்கவில்லை. தோட்டக்காரருக்கு ஒன்று, வண்டி ஓட்டியவருக்கு ஒன்று, ராக்கம்மாவுக்கு ஒன்று. மூவரும் கடிதங்களைக் கிராணியிடம் எடுத்துப்போய் வாசிக்கச் சொன்னார்கள்.

செல்வநாயகம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்ற இருவருடையதையும் படித்து முடித்தார். ராக்கம்மாவின் கடிதத்தில் மட்டும் ஓரிடத்தில் நின்றார்.

"நேர்மையானவள், துப்புரவானவள் எண்டு எல்லாருக்கும் எழுதுற மாதிரித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் உனக்கு மட்டும் இன்னொண்டும் போட்டிருக்கிறார். பிராங்க் எண்டு."

"அப்படின்னா என்னாங்கய்யா? திட்டா?"

"திட்டில்லை. மனசில் இருக்கிறதை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லுறவள் எண்டு பொருள்."

"அதத்தான் மொதல்லயே நேர்மைன்னு போட்டாச்சே?"

செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். சொற்களுக்கு இடையிலுள்ள வேற்றுமையை விளக்குவதில் அவருக்கு அலாதியான விருப்பம் இருந்தது என்று சிவபாக்கியம் எழுதுகிறார்.

"அது வேறை, இது வேறை. நேர்மையான ஆள் கேட்டால் உண்மையைச் சொல்லுவான். பிராங்கான ஆள் கேட்காமலே சொல்லுவான். விளங்குதோ? வெள்ளைக்காரன் கசப்பான விசயம் ஒண்டு சொல்லப் போகேக்கை முதலில் இந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவான். அதுக்குப் பிறகு கேட்கிறவன் கோவிக்கப்படாது. அது அவையின்ர வழக்கம்."

ராக்கம்மா கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டார். கிராணி சொன்னது ஒரு நாகரிகத்தைப் பற்றி. பெரியம்மா அதை ஒரு சட்டமாகப் புரிந்துகொண்டார். கோர்ட்டுக் கச்சேரியில் எழுதி வைத்திருக்கும் சட்டம். அந்தச் சொல்லைச் சொன்னவர் மேல் கோபப்படுவது குற்றம். தோட்டத்தில் விதிகளெல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கிராணியின் வாய்வழியாகவே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து சேர்ந்த காலம் அது. எனவே இந்த விதியையும் அவர் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை.

அன்று மாலையே சட்டம் லயத்தில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வீட்டு மங்கம்மாவின் வாசலில் போய் நின்றார்.

"மங்கம்மா, பிராங்கா சொல்றேன். ஒன் கோழி எங்க அடுப்படியில வந்து முட்டையிடுது. முட்டைய நான்தான் எடுத்துக்கறேன். மூணு மாசமா."

மங்கம்மா இடுப்பில் கை வைத்தார். "அடிப்பாவி! கோழிக்கு வயசாயிடிச்சின்னுல்ல நெனச்சேன்!"

"கோவப்படக் கூடாது. பிராங்குன்னு சொல்லிட்டேன். கிராணி அய்யாவக் கேட்டுக்க."

மங்கம்மா கிராணியிடம் கேட்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "சரி, நானும் பிராங்கா சொல்றேன். ஒங்க வெறகுக் கட்டுல தெனம் ரெண்டு குச்சி நான் உருவிக்கறேன்" என்றார். கணக்குத் தீர்ந்த நிம்மதியில் இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் அந்தச் சொல் லயம் முழுவதும் பரவிவிட்டது. மருமகள்கள் அதை மாமியார்களிடம் சொன்னார்கள். மாமியார்கள் அதைவிட அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் பரவிய எதுவும் கெடாமல் இருப்பதில்லை. முனியாண்டி பெரியப்பா ஒருநாள் தள்ளாடியபடி வந்து, "பிராங்கா சொல்றேன் புள்ள, கள்ளுக்கடைப் பக்கமே நான் போவல" என்றார். அந்தச் சொல்லை முன்னால் நிறுத்திக்கொண்டு பொய் சொல்லலாம் என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான். ராக்கம்மா உடனே சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்: பிராங்கு என்று சொல்லிப் பொய் பேசியவர் கிணற்றிலிருந்து பத்துக் குடம் தண்ணீர் சுமக்க வேண்டும். பெரியப்பா அன்று சுமந்த குடங்களில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியதாகத் தகவல்.

ஜப்பானியர் வந்தபின் கிராணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர் எழுதிய கடிதத்தை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று எச்சரித்தார். பெரியம்மா தயங்காமல் அதை அடுப்பில் போட்டார். "இனி அந்தச் சொல்லையும் சொல்லாதை. அது பகைவன்ர பாசை" என்றார் கிராணி. அதற்குப் பெரியம்மா, "காயிதம் எரிஞ்சிடிச்சி. வாய என்னாங்கய்யா பண்றது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பங்களாவில் புதிதாகக் குடிவந்தவர் மொரிதா என்னும் ஜப்பானியர். போருக்கு முன் சிரம்பானில் படக்கடை வைத்து, தோட்டத் துரைகளையும் அவர்கள் மனைவியரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்; அதனால் ஆங்கிலம் பேசுவார். ரப்பரை விற்க வழியில்லை, அரிசி வருவதில்லை. மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டுத் தோட்டம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து உத்தரவு வந்தது. 1943 மார்ச் மாதம், தெமியாங் மூங்கில் நின்ற ஆற்றங்கரைச் சமநிலத்தை அவர் தேர்ந்தெடுத்தார். மண் மெத்தென்று இருந்தது, வெட்டச் சுலபம், பங்களா மாடியிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும். நிழற்படக்காரரின் கண் அது.

அந்த நிலத்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மரவள்ளிக்கு அடியில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்பதும் தெரியும். தோட்டத்தில் இருந்ததோ ஒரே ஒரு நடவுக்குப் போதுமான குச்சிகள். ஆனாலும் எவரும் வாய் திறக்கவில்லை. துரை சொன்னதற்குத் தலையாட்டுவது மூன்று தலைமுறைப் பழக்கம். புதிய துரைக்கு "ஹை" என்று சொல்ல வேண்டும் என்று கிராணி கற்றுக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

அன்று சாயங்காலம் முனியாண்டி வீட்டுக்கு வந்து, கால் கழுவாமலே உட்கார்ந்தார்.

"என்னா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் பெரியம்மா.

"ஆத்துப் பக்கம் கெழங்கு நடச் சொல்லிட்டாரு. என்னையப் பொறுப்பாளியாப் போட்டுட்டாரு. வெளைஞ்சா சரி. வெளையலைன்னா என்னைய சயாமுக்கு அனுப்பிடுவாராம்."

"நீ என்னா சொன்ன?"

"எல்லாரும் ஹை ஹைன்னாங்க. நானும் ஹைன்னேன்."

"அழுவுற கெழங்குக்கு நீ ஜாமீனா? அது தண்ணி நிக்கிற எடம்னு சொல்றதுக்கு வாயி இல்ல?"

"இருந்திச்சி. அதாலதான் ஹைன்னேன்."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போனவர்களிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை.

மறுநாள் பகலில் மொரிதா நடவைப் பார்வையிட நிலத்துக்குப் போனார். கிராணி வெள்ளைக் கால்சட்டையுடன் கூடவே நின்றார். முனியாண்டியின் கூட்டம் மண்வெட்டிகளோடு காத்திருந்தது. கரையில் குச்சிக் கட்டுகள் கிடந்தன. பங்களாவிலிருந்து தேநீர் கொண்டுவந்த ராக்கம்மா, குவளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் கிராணியைப் பார்த்தார்.

"கிராணி அய்யா, தொரைகிட்ட நான் சொல்றத சொல்லுங்க. பிராங்கா சொல்றேன்னு மொதல்ல சொல்லிடுங்க. இது தண்ணி ஊறுற எடம். அடுத்த மாசம் மழை புடிச்சா ஆத்துத் தண்ணியும் ஏறிடும். குச்சி எல்லாம் அழுவிப் போச்சின்னா லயத்துல பொங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மேட்டுல, பழைய ஒட்டுக்கன்னு நின்ன சரிவுல நட்டா வெளையும். தொரைக்கு மண்ணப் பத்தித் தெரியல. தெரிஞ்ச ஆளுங்க பயத்துல பேசல."

செல்வநாயகம் மொரிதாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மொரிதா திருப்தியுடன் தலையசைத்தார்.

பெரியம்மா அசையவில்லை. "நான் அம்மாம் பெருசா சொன்னேன். நீங்க ஒரே வாயில முடிச்சிட்டீங்க?"

"ஆங்கிலம் சுருக்கமான பாசை, ராக்கம்மா."

"அதுல பிராங்கு வரலையே? நான் காதத் தீட்டிக்கிட்டுத்தான நின்னேன்!"

உண்மையில் கிராணி மொழிபெயர்த்தது, இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சமையற்காரி தங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்பதைத்தான். இதை அவரே பிற்காலத்தில் மகளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவோ ஆங்கிலம் கற்றவர். ஆனால் ராக்கம்மாவுக்குத் தெரிந்தது ஒரே சொல்லாதலால், அது வராமல் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெரியம்மா மொரிதாவுக்கு நேரே வந்து நின்று, தன் நெஞ்சில் கை வைத்து, "தொரை! பிராங்கு!" என்றார். பிறகு காலடி நிலத்தைக் காட்டி, "இது தீடா பாகுஸ்!" என்றார். மலாயில் அதற்கு நன்றாக இல்லை என்று பொருள்.

முனியாண்டி கண்ணை மூடிக்கொண்டார். ராக்கம்மா அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, அங்கேயே குழி வெட்டத் தொடங்கினார். முழ ஆழம் வெட்டினார் என்பது என் தாயார் கூற்று. அரை முழமே போதுமாயிருந்தது என்று சிவபாக்கியம் எழுதுகிறார். எப்படியிருந்தாலும், வெட்டி நிமிர்வதற்குள் குழியின் அடியில் தண்ணீர் ஊறிவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டே நிற்க, அது மெல்ல ஏறிப் பாதிக் குழியை நிறைத்தது. ஒரு தவளைகூட எட்டிப் பார்த்ததாம். தவளையைப் பற்றி இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

மொரிதா குழியையே பார்த்தார். பிறகு கிராணியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இந்தப் பெண் என்ன சொன்னாள்? முழுவதும் சொல். நீயும் பிராங்காகச் சொல்.

செல்வநாயகம் வாழ்வில் முதல்முறையாக ஒரு வார்த்தையும் குறைக்காமல் மொழிபெயர்த்தார். "தொரைக்கு மண்ணப் பத்தித் தெரியல" என்பதையும் அவர் விடவில்லை. மொரிதாவின் முகம் சிவந்தது. வேறு என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணையே கேள் என்றார்.

அது மிரட்டல். ராக்கம்மா அதை அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்கய்யா. தொரை தெனம் பீப்பாயில வெந்நி வெச்சிக் குளிக்கிறாரு. அதுக்கு வெறகு ஒடைக்க ஒரு ஆளு நாளெல்லாம் நிக்கிறான். ஒரு நாளு விட்டு ஒரு நாளு குளிச்சா அழுக்கு ஒண்ணும் ஓடிப் போயிடாதுலா."

"போதும் பிள்ளை, என்னைச் சாகடியாதை" என்று கிராணி மெல்லச் சொன்னார்.

"மொழி பேத்துச் சொல்லுங்க. அப்புறம், கிராணி அய்யாவும் காலையில என்கிட்ட இந்த எடம் சரியில்லன்னுதான் சொன்னாரு. ஒங்ககிட்ட சொல்லப் பயந்துகிட்டாரு. அதையும் சொல்லிடுங்க."

தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே ஆங்கிலமாக்கி, எதிரே நிற்பவரிடம் ஒப்படைக்கும் கதி உலகத்தில் எத்தனை கிராணிகளுக்கு நேர்ந்திருக்கும் என்று தெரியவில்லை. செல்வநாயகம் அதைச் செய்தார். மொரிதா, அது உண்மையா என்றார். உண்மை என்றார் செல்வநாயகம்.

மொரிதா கையை ஓங்கினார். ஓங்கிய கை குழியைச் சுட்டியது. அதில் இறங்கி நிற்கும்படி கிராணிக்கு உத்தரவு. குச்சிக் கட்டுகள் அத்தனையும் மேட்டுச் சரிவுக்குப் போய்ச் சேரும்வரை செல்வநாயகம் அந்தக் குழியில், வெள்ளைக் கால்சட்டையுடன், கணுக்கால் மறையும் தண்ணீரில் நின்றார். ராக்கம்மாவும் கட்டுச் சுமக்க வேண்டும் என்றார் மொரிதா. ஒவ்வொரு கட்டையும் தூக்கிக்கொண்டு குழியைக் கடக்கும்போது பெரியம்மா, "இன்னும் பதினாலு கட்டுதாங்கய்யா", "பதிமூணுதாங்கய்யா" என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே போனார்.

"எண்ணாமல் கெதியாய் நட பிள்ளை! தவளை சப்பாத்துக்குள்ளை போயிட்டுது!" என்பது அவர் பதில்.

ஆனால் மொரிதா பொறுப்பை நீக்கவில்லை. மேட்டில் நடச் சொன்னது நீங்கள். விளையாவிட்டால் மண்டோர் போவது போவதுதான் என்றார். அதன்பின் அந்தச் சரிவை ராக்கம்மாவும் முனியாண்டியும் காத்த மாதிரி தோட்டத்தில் எவரும் எதையும் காத்ததில்லை. ஏப்ரல் மழையில் ஆற்றங்கரைச் சமநிலம் குளமாயிற்று. பங்களா மாடியிலிருந்து மொரிதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் உண்டு. அதன்பின் அவருடைய வெந்நீர்க் குளியல் வாரம் நான்கு நாளாகக் குறைந்தது.

ஜூன் மாதம் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. ஒன்பது பேர். பட்டியலில் முதலில் எழுதப்பட்ட பெயர் முனியாண்டி. மொரிதா அதை அடித்துவிட்டு, கிழங்குக்குப் பொறுப்பாளி என்று பக்கத்தில் எழுதினார். அவருக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டது மங்கம்மாவின் கணவர் சந்திரன் பெயர். பதிவேடு என்பதால் இதை விட்டுவிட முடியாது. ஒன்பது பேரில் நால்வர் திரும்பினார்கள். சந்திரன் அவர்களில் ஒருவர். 1945 கடைசியில், பாதி எடையுடன், தன் காலாலேயே லயத்துக்கு நடந்து வந்தார். ஆனால் இடைப்பட்ட இரண்டரை ஆண்டும் அது எவருக்கும் தெரியாது.

1944 ஜனவரியில் மரவள்ளி அறுவடையானது. ஒரு குத்துக்கு நான்கைந்து கிழங்கு, கை மணிக்கட்டுப் பருமன். மொரிதா தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை லயத்துக்கு விட்டார். முனியாண்டி அன்று மகிழ்ச்சியில் எல்லாரிடமும் இரண்டிரண்டு முறை பேசினார். தன் பெயர் இனி எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. பங்கு பிரிக்கும்போது ராக்கம்மா, "மொதல்ல சயாமுக்குப் போன ஒம்போது வூட்டுக்கு. அப்புறந்தான் மத்தவங்க. யாராச்சும் ஏதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். ஒன்பது கூடைகள் முதலில் நிரம்பின.

மங்கம்மாவின் கூடையை ராக்கம்மாவே சுமந்துகொண்டு போய் இறக்கினார். மங்கம்மா கூடையைப் பார்க்காமல் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ராக்கம்மா, பிராங்கா சொல்றேன். ஒன் புருஷன் வூட்டுல இருக்கான். எம் புருஷன் இல்ல. ஒன்னையப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது."

என் தாயார் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் தாடை இறுகியதையும், பிறகு தளர்ந்ததையும் கண்டதாகச் சொன்னார்.

"எரியும்லா" என்றார் பெரியம்மா. "எரியாம எப்படி இருக்கும்?"

அவர் திரும்பிப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரிக்கத் தொடங்கினார். சற்று நேரம் நின்ற மங்கம்மாவும் எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்தார். இரண்டு மூன்று கிழங்கு உரித்தாயிற்று.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் மங்கம்மா. "கெழங்கு முத்திப் போச்சி. எல்லாம் நாரு. ஒரு மாசத்துக்கு முந்தியே புடுங்கியிருக்கணும்."

ராக்கம்மா கத்தியைக் கீழே போட்டார். "வயிறு எரியுதுன்ன, பொறுத்துக்கிட்டேன். எங் கெழங்கப் போயி நாருங்கிறியா? இதுக்குக் கோவம் வருதுடி!"

மங்கம்மா சிரித்துவிட்டார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்பார் என் தாயார். உரித்த கிழங்கை இருவரும் ஒரே பானையில் போட்டு வேகவைத்தார்கள். நாராகத்தான் இருந்தது.